அழித்தால் போய்விடுமா?

பைத்தான் மொழியில் ஒரு கோப்பை அழிப்பதற்கு இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. ஓ.எஸ். என்ற தொகுதியைக் கூப்பிட்டுவிட்டு ‘ரிமூவ்’ என்று எழுதலாம். ‘அன்லிங்க்’ என்றும் எழுதலாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பைத்தானின் ஆவணத்தில் தேடினால், இரண்டும் ஒன்றுதான் என்று போட்டிருக்கிறது. ரிமூவ் என்றால் நீக்கு, அது புரிகிறது. அன்லிங்க் என்றால் தொடுப்பை அறு என்று அர்த்தம். எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கிற தொடுப்பு? அழிக்கிற வேலைக்கு ஏன் இப்படி ஒரு பெயர்?

பி.காம். படிக்கிற ஆளுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று வகுப்பு நண்பர்கள் கேட்பீர்கள். இந்தக் கதையில் ஆடிட்டர்கள் வருகிறார்கள், வெள்ளை மாளிகை வருகிறது, உச்ச நீதிமன்றம் வருகிறது, நடுவில் ஒரு மீன்கூட வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் :-)

பதிலைத் தேடிப் போனால் 1971-ல் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-ல் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு முதல் கையேடு வெளிவந்தது 1971 நவம்பர் 3-ல். ‘ஆர்.எம்.’ என்ற கட்டளையும் ‘ஆர்.எம்.டிர்’ என்ற கட்டளையும் அந்தக் கையேட்டிலேயே இருக்கின்றன. முதலாவது கோப்பை நீக்க, இரண்டாவது ஃபோல்டரை நீக்க. இந்தக் கட்டளைகளுக்கு அடியில், இயங்குதளத்தின் வயிற்றுக்குள் இருக்கும் வேலைக்காரனுக்கு வைத்த பெயர்தான் அன்லிங்க். பைத்தான் பிறந்தது அதற்கு இருபது வருஷம் கழித்து. கீடோ வான் ராசம் ஆம்ஸ்டர்டாமில் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுத ஆரம்பித்து 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். வேலைக்காரனின் பழைய பெயரையும் அவர் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்.

தொடுப்பு என்ன என்று நம் பாஷையிலேயே சொல்கிறேன். பேரேடு தெரியும் அல்லவா? முதல் சில பக்கங்களில் அகரவரிசை இருக்கும். ‘முருகன் ஸ்டோர்ஸ், பக்கம் 47’ என்று எழுதியிருக்கும். உண்மையான கணக்கு 47-ஆம் பக்கத்தில் இருக்கும். யூனிக்ஸில் ஃபோல்டர் என்பது அந்த அகரவரிசைப் பக்கம் மாதிரிதான். அதில் கோப்பின் பெயர் இருக்கும், பக்கத்தில் ஒரு எண் இருக்கும். கோப்பின் உள்ளடக்கம் வேறு எங்கோ இருக்கும். பெயருக்கும் எண்ணுக்கும் நடுவில் இருப்பதுதான் தொடுப்பு. அன்லிங்க் செய்கிற வேலை, அகரவரிசையிலிருந்து அந்த ஒரு வரியை அடிப்பது. 47-ஆம் பக்கத்தை அது தொடுவதே இல்லை.

அதே கணக்குக்கு அகரவரிசையில் இன்னொரு பெயரும் இருக்கலாம். ‘ஸ்டோர்ஸ் முருகன், பக்கம் 47’ என்று. அப்போது ஒரு பெயரை அடித்தாலும் கணக்கு பத்திரமாக இருக்கும். எத்தனை பெயர்கள் ஒரு பக்கத்தைக் காட்டுகின்றன என்று யூனிக்ஸ் எண்ணி வைத்திருக்கும். அந்த எண்ணிக்கை பூஜ்யமாகி, அந்தக் கோப்பை யாரும் திறந்து வைத்திருக்கவும் இல்லை என்றால்தான் அந்தப் பக்கம் ‘காலி’ என்று குறிக்கப்படும். அப்போதும் எழுத்துகள் அங்கேயே இருக்கும். வேறு யாராவது வந்து அதன்மேல் எழுதும்வரைக்கும் இருக்கும்.

ஆக, கணினியில் ‘அழி’ என்று நாம் சொல்வது ஆரம்பத்திலிருந்தே அழிப்பது இல்லை. பெயரை எடுப்பது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் தெரியாததால் அரைநூற்றாண்டாக மனிதர்கள் இரண்டு விதமாக மாட்டியிருக்கிறார்கள். போய்விட்டது என்று நினைத்தது போகவில்லை. இருக்கிறது என்று நினைத்தது இல்லை.

ஃபோல்டர் விஷயத்தில் யூனிக்ஸ் ஆட்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருந்தார்கள். ஆர்.எம்.டிர் காலி ஃபோல்டரை மட்டும்தான் நீக்கும். உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடும். பைத்தானில் அதே பெயரில் இருக்கும் கட்டளையும் இன்றுவரை அப்படித்தான். அதே 1971 கையேட்டில் ‘டி.எஸ்.டபிள்யூ.’ என்று ஒன்று உண்டு. ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் காட்டி, இதை நீக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்றால்தான் நீக்கும். (முந்தைய இயந்திரத்தில் முன்பக்க ஸ்விட்சுகளைத் தட்டி அழித்துக்கொண்டிருந்த காலத்தின் எச்சம் அந்தப் பெயர்.)

ஆனால் மனிதனுக்கு அவசரம் ஜாஸ்தி. ஒவ்வொன்றாகக் கேட்டால் யார் உட்கார்ந்து பதில் சொல்வது? ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கி எல்லாவற்றையும் நீக்கும் வசதி ஆர்.எம்.முக்குச் சேர்ந்தது. கேள்வியே கேட்காதே என்று சொல்லும் வசதியும் சேர்ந்தது. இதோடு நட்சத்திரக் குறி வேறு. * என்று போட்டால் எல்லாக் கோப்புகளும் என்று அர்த்தம். ஒரு குறிப்பிட்ட வகைக் கோப்புகளை மட்டும் நீக்க நினைத்து, நட்சத்திரத்துக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் தெரியாமல் ஒரு இடைவெளி விட்டுவிட்டால் போச்சு, எல்லாமே காலி. மொத்தக் கணினியின் வேர் ஃபோல்டரான / என்பதையே அழிக்கச் சொன்னாலும் ‘சரிங்க’ என்று செய்துவிடும். லினக்ஸில் பெரும்பாலோர் பயன்படுத்தும் க்னூ ஆர்.எம். இதற்கு மறுப்புச் சொல்லப் பழகியதே 2006-ல்தான். அப்போதும் / பக்கத்தில் ஒரு * சேர்த்துப் போட்டால் தடுப்பு வேலை செய்யாது.

இந்தப் பக்கம் வீட்டுக் கணினி உலகத்தில் டாஸ் இருந்தது. அது எப்படி அழித்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கோப்பின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தனிக் குறியைப் போட்டுவிடும். அந்தக் கோப்பு பிடித்திருந்த இடங்களைக் காலி என்று குறித்துவிடும். முடிந்தது. பெயரின் மற்ற எழுத்துகள், கோப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்ற தகவல், எவ்வளவு பெரியது என்ற தகவல் எல்லாம் அப்படியே கிடக்கும். பீட்டர் நார்ட்டன் இதைக் கவனித்தார். அழிந்த கோப்பை மீட்கும் நிரல் ஒன்றை எழுதி, 1982-ல் நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் என்ற தொகுப்பில் வைத்து விற்றார். அழிந்த கோப்பின் முதல் எழுத்து என்ன என்று பயனரைக் கேட்கும். நாம் சொன்னால் மீட்டுக் கொடுக்கும். முதலெழுத்தை மட்டும் நாம் ஞாபகம் வைத்திருந்தால் போதும்! அந்த ஒரு மென்பொருளால் நார்ட்டன் பெரும் பணக்காரர் ஆனார். 1990-ல் அவர் நிறுவனத்தை சைமான்டெக் வாங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் டாஸிலேயே மீட்கும் கட்டளையைச் சேர்த்தது 1991-ல், ஐந்தாம் பதிப்பில். அடுத்த பதிப்பில், 1993-ல், ஃபோல்டரை உள்ளிருப்பதோடு சேர்த்து ஒரேயடியாக அழிக்கும் ‘டெல்ட்ரீ’ வந்தது. மீட்க ஒரு வசதி, அதைவிட வேகமாக அழிக்க ஒரு வசதி, இரண்டும் இரண்டு வருஷ இடைவெளியில்.

குப்பைத்தொட்டி பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிளின் லிசாவில் 1983-ல் வந்தது, மெக்கின்டாஷில் 1984-ல் வந்தது, விண்டோஸ் 95-ல் ரீசைக்கிள் பின் ஆனது. ஆரம்பகால மெக்கில் தொட்டியில் போட்டது ரொம்ப நேரம் தங்காது, கணினியை நிறுத்தினாலே காலியாகிவிடும். நாமே காலி செய்யும்வரை அப்படியே இருக்கும் என்ற வழக்கம் 1991-ல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்துதான். தொட்டி வந்த பிறகு மக்களுக்கு ஒரு தைரியம் வந்தது. அழித்தால் என்ன, எடுத்துக்கொள்ளலாம் என்று.

இதுவரை பார்த்தது அழித்துவிட்டு ‘ஐயோ வேண்டும்’ என்றவர்கள் கதை. இனி அழித்துவிட்டு ‘அப்பாடா’ என்றவர்கள்.

1986 நவம்பர். அமெரிக்காவில் ரீகன் ஆட்சி. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகராகுவா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிவிட்ட விவகாரம் வெடித்துக்கொண்டிருந்தது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயின்டெக்ஸ்டரும் அவரிடம் வேலை பார்த்த ஆலிவர் நார்த்தும் காகிதங்களைக் கிழித்து ஒழித்தார்கள். அதோடு நிற்கவில்லை. வெள்ளை மாளிகையில் அப்போது ஐ.பி.எம்.மின் ‘ப்ராஃப்ஸ்’ என்ற உள் மின்னஞ்சல் இருந்தது. பாயின்டெக்ஸ்டர் 5,000-க்கும் மேல், நார்த் 700-க்கும் மேல் மடல்களை அழித்தார்கள்.

காகிதம் போனது போனதுதான். மின்னஞ்சல் போகவில்லை. கணினியின் காப்புப் பிரதியை அவ்வப்போது காந்த நாடாவில் எடுத்து வைப்பது அங்கே வழக்கம். இவர்கள் அழித்தது தங்கள் பட்டியலில் இருந்த பெயர்களை. நாடாவில் எல்லாம் இருந்தது. அதை எடுத்துப் படித்துத்தான் டவர் விசாரணைக் குழு 1987 பிப்ரவரியில் தன் அறிக்கையைக் கொடுத்தது. அழி பொத்தானை அழுத்தினால் ஒழிந்தது என்று நம்பியிருந்ததாகவும், அது எவ்வளவு தப்பு என்று பிறகே தெரிந்ததாகவும் நார்த் நாடாளுமன்ற விசாரணையில் பகிரங்கமாகச் சொன்னார். நாட்டின் ரகசியத்தைக் காக்கும் வேலையில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை, பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1989 ஜனவரியில் ரீகன் பதவி விலகும் நேரம். இருக்கிற நாடாக்களை எல்லாம் துடைத்துவிட்டுப் போகலாம் என்று ஏற்பாடு நடந்தது. நேஷனல் செக்யூரிட்டி ஆர்கைவ் என்ற ஆய்வு அமைப்பும், அதை நிறுவிய பத்திரிகையாளர் ஸ்காட் ஆம்ஸ்ட்ராங்கும் பதவிக்காலம் முடிவதற்கு முதல் நாள், ஜனவரி 19 அன்று, நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். அன்றைக்கே தடை கிடைத்தது. காகிதத்தில் அச்செடுத்து வைத்தால் போதும், கணினிப் பிரதி ஆவணம் ஆகாது என்று அரசு வாதாடியது. 1993 ஜனவரியில் நீதிபதி சார்லஸ் ரிச்சி அதை ஏற்கவில்லை. யார் யாருக்கு எப்போது அனுப்பினார், யார் எப்போது படித்தார் என்ற விவரம் கணினிப் பிரதியில்தான் இருக்கிறது, ஆகவே அதுவும் ஆவணமே என்றார். அந்த ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. ஒரு மின்னஞ்சலை அழிப்பது சட்டத்துக்கு உட்பட்ட செயல் என்று ஆனது இப்படித்தான்.

இப்போது நம்ம ஏரியா. ஆர்தர் ஆண்டர்சன் பெயரைத் தணிக்கைப் பாடத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகின் ஐந்து பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்று, சுமார் 85 ஆயிரம் ஊழியர்கள். என்ரான் நிறுவனத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்தது இவர்கள்தான். 2001 அக்டோபரில் என்ரான் சரிய ஆரம்பித்தது. பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையம் விசாரிக்கப் போகிறது என்பது தெரிந்தது. அக்டோபர் 12-ல் ஆண்டர்சனின் சட்டப் பிரிவிலிருந்து ஹூஸ்டன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது. ‘நம் ஆவணப் பராமரிப்புக் கொள்கையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்பதுதான் விஷயம். படித்தால் பூனை மாதிரி சாதுவாக இருக்கும். தேவையில்லாத தாள்களைக் கழிக்கச் சொல்கிற கொள்கை அது! அடுத்த சில வாரங்களில் பெட்டி பெட்டியாகத் தாள்கள் கிழிபட்டன, ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களும் கோப்புகளும் அழிக்கப்பட்டன. நவம்பர் 8-ல் ஆணையத்தின் சம்மன் கைக்கு வந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

2002 ஜூனில் நீதிமன்றம் நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. தணிக்கை செய்யும் தொழிலே போய்விட்டது. 2005 மே 31-ல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஜூரிகளுக்குக் கொடுத்த விளக்கம் தவறு, தப்பு செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார்களா என்பதைப் பார்த்திருக்க வேண்டும் என்றது. ஆனால் அப்போது திரும்பி வர நிறுவனம் எங்கே இருந்தது? ஆண்டர்சன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. சாதுவான ஒரு மின்னஞ்சலின் பின்னால் நின்றுகொண்டு ஆவணங்களைக் கழிப்பது, என்னைக் கேட்டால், வெளிப்படையாகக் கிழிப்பதைவிட மோசம். ஆனாலும் அந்த 85 ஆயிரம் பேரில் பெரும்பாலோருக்கு என்ரான் கோப்பைப் பார்த்த பழக்கமே கிடையாது.

இதன் விளைவாக 2002 ஜூலையில் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தில், விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தோடு ஆவணத்தையோ பொருளையோ அழித்தால் 20 ஆண்டு வரை சிறை என்று ஒரு பிரிவு சேர்ந்தது. மீன் இங்கேதான் வருகிறது. ஃப்ளோரிடாவில் ஒரு மீனவர், அளவில் சிறிய மீன்களைப் பிடித்து அதிகாரியிடம் மாட்டிக்கொண்டு, கரைக்கு வருவதற்குள் அவற்றைக் கடலில் வீசிவிட்டார் என்று வழக்கு. எந்தச் சட்டத்தில் தெரியுமா? இதே சட்டத்தில்! மீன் ஒரு ‘பொருள்’ ஆயிற்றே. உச்ச நீதிமன்றம் வரை போய், 2015-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இந்தப் பிரிவு தகவலைப் பதிந்து வைக்கும் பொருள்களுக்குத்தான், மீனுக்கு இல்லை என்று தீர்ப்பானது. நான்கு நீதிபதிகள் மீனும் சேர்த்தி என்றார்கள் என்பதையும் கவனியுங்கள்.

நம் கணக்குப் பதிவியலில் ரப்பருக்கு இடம் கிடையாது என்று முதல் வருஷமே சொல்லிவிடுகிறார்கள். தப்பாகப் பதிந்தால் அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவு போட வேண்டும். தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளிலும் இது கட்டாயம். ஒவ்வொரு மாற்றமும் எந்தத் தேதியில் நடந்தது என்று பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் அணைத்துவைக்க முடியாதபடி இருக்க வேண்டும். யூனிக்ஸ் எழுதியவர்கள் கணக்கர்களாக இருந்திருந்தால் ஆர்.எம். என்ற கட்டளையே வந்திருக்காது என்று சில சமயம் தோன்றும் :-)

அரசாங்கமும் ஆடிட்டரும் மட்டும்தான் இப்படி என்று இல்லை. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலத்தும் பழைய ஹார்டு டிஸ்குகளைச் சந்தையில் வாங்கிச் சேர்த்தார்கள். மொத்தம் 158. அதில் 129 ஓடின. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை எத்தனை? வெறும் 12. மற்றவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள், மருத்துவ விவரங்கள், சொந்தக் கடிதங்கள். ஒரு டிஸ்க் இலினாய் மாநிலத்து ஏ.டி.எம். இயந்திரம் ஒன்றிலிருந்து வந்ததாகத் தெரிந்தது, உள்ளே வங்கிக் கணக்கு எண்கள். 2003-ல் இதை வெளியிட்டார்கள். பலர் ஃபார்மட் செய்துவிட்டுத்தான் விற்றிருந்தார்கள். ஃபார்மட் என்றால் என்ன? அகரவரிசைப் பக்கத்தைப் புதிதாக மாற்றுவது. 47-ஆம் பக்கம் அங்கேயே!

இதற்கு எதிர்ப்பக்கம் போனவர்களும் உண்டு. நியூசிலாந்தின் பீட்டர் குட்மன் 1996-ல் எழுதிய கட்டுரையை வைத்துக்கொண்டு, 35 முறை மேலெழுதினால்தான் கோப்பு அழியும் என்று ஒரு கூட்டம் மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டது. பழைய டிஸ்க் வகைகள் அத்தனைக்கும் சேர்த்துச் சொன்ன எண்ணிக்கை அது, ஒரு டிஸ்குக்கு 35-ம் தேவையில்லை என்று அவரே பின்னால் விளக்க வேண்டியதாயிற்று. இன்றைய எஸ்.எஸ்.டி.களில் கதை தலைகீழ். ஒரே இடத்தில் மேலெழுதச் சொன்னாலும் உள்ளே அது வேறு இடத்தில் போய் எழுதும். அதே சமயம், அழித்த இடங்கள் இவை என்று இயங்குதளம் சொல்லிவிட்டால், அது தன்பாட்டுக்குச் சுத்தம் செய்துவிடும். நார்ட்டன் காலத்து மீட்பு இங்கே பெரும்பாலும் பலிக்காது.

அப்படி உண்மையிலேயே போன கதைகளில் பிரபலமானது டாய் ஸ்டோரி 2. 1998-ல் பிக்சாரில் யாரோ படத்தின் கோப்புகள் இருந்த இடத்தில் ஆர்.எம். கட்டளையை நட்சத்திரத்தோடு ஓட்டிவிட்டார்கள். திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்முன்னாலேயே வூடியின் தொப்பி காணாமல் போனது, பிறகு பூட்ஸ், பிறகு வூடியே. தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஓரன் ஜேக்கப், மின்சாரத்தைப் பிடுங்கச் சொல்லிக் கத்தினார். அதற்குள் படத்தில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. பரவாயில்லை, காப்புப் பிரதி இருக்கிறதே என்று பார்த்தால், அது சில காலமாகவே ஒழுங்காகப் பதிவாகவில்லை. கடைசியில் காப்பாற்றியது கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர். அவர் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். இதில் வேடிக்கை, இவ்வளவு பாடுபட்டு மீட்ட படம் நன்றாக இல்லை என்று பிறகு கதையைப் பெரும்பாலும் மாற்றி, ஒன்பது மாதத்தில் திரும்ப எடுத்தார்கள். 1999 நவம்பரில் வெளிவந்தது அந்தப் புதுப் படம்.

2015 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டீம் விவகாரம்தான் ஸ்கிரிப்ட் எழுதுகிற எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது. ஸ்டீம் என்பது விளையாட்டு விற்கும் மென்பொருள். லினக்ஸில் அதன் ஸ்கிரிப்ட் ஒன்றில், ‘ஸ்டீம் இருக்கும் ஃபோல்டர்’ என்று ஒரு மாறி, அதற்குப் பின்னால் /, அதற்குப் பின்னால் *, இதை எல்லாம் அழி என்று ஒரு வரி. ஒருவர் ஸ்டீம் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார். மாறி காலியாகிவிட்டது. காலியான மாறியை எடுத்துவிட்டுப் படித்தால் மீதி என்ன? / மட்டும், *-ஓடு. அந்தப் பயனருக்குச் சொந்தமான கோப்புகள் எல்லாம் போயின, செருகியிருந்த வெளி டிஸ்கில் இருந்த காப்புப் பிரதியும் போனது. அந்த வரிக்கு மேலேயே எழுதியவர் ‘பயமாக இருக்கிறது’ என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பு போட்டிருந்தார். பயந்தவர் அதோடு, மாறி காலியாக இருக்கிறதா என்று ஒரு சோதனையும் போட்டிருக்கலாம்.

கிட்லேப் கதை 2017 ஜனவரி 31 இரவு நடந்தது. தரவுதளம் இரண்டு சர்வர்களில், ஒன்று அசல், ஒன்று நகல். நகல் பின்தங்கிவிட்டது. நகலில் இருக்கும் ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று பொறியாளர் கட்டளை கொடுத்தார். கொடுத்த இடம் அசல் சர்வர். ஓரிரு நொடியில் புரிந்து நிறுத்தினார். சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி. ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள், அவசரத்துக்கு ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. தினசரி காப்பு பதிப்புப் பொருத்தமின்மையால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேராமலே இருந்திருக்கிறது. அதே பொறியாளர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் மிச்சத்தைக் காப்பாற்றியது. நிறுவனம் இதை மூடி மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாக ஓட்டியது, நடந்ததை முழுக்க எழுதியும் வெளியிட்டது. ஆண்டர்சனையும் இவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பைத்தானுக்குத் திரும்புவோம். மேலே பார்த்த வரலாறு முழுக்க அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கோப்புக்கு ரிமூவ் அல்லது அன்லிங்க், காலி ஃபோல்டருக்கு ஆர்.எம்.டிர், நிறைந்த ஃபோல்டருக்கு ‘ஷூட்டில்’ தொகுதியில் இருக்கும் ‘ஆர்.எம்.ட்ரீ’. லினக்ஸில், வேறு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை ரிமூவ் செய்தால் பெயர் உடனே மறையும், இடம் விடுபடாது. விண்டோஸில் அதையே செய்தால் பிழை வரும். ஒரே ஸ்கிரிப்ட் வகுப்பு நண்பனின் மடிக்கணினியில் ஓடி உங்களுடையதில் அடம்பிடிப்பதற்கு இதுதான் பல சமயம் காரணம். 2014-ல் 3.4 பதிப்பில் வந்த ‘பாத்லிப்’ தொகுதியில் ரிமூவ் என்ற பெயரே இல்லை, கோப்புக்கு அன்லிங்க் மட்டும்தான். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பெயர் ஜெயித்துவிட்டது.

ஆர்.எம்.ட்ரீயில் பல வருஷம் ஒரு ஓட்டை இருந்தது. ‘இது நிஜ ஃபோல்டரா, வேறு இடத்தைக் காட்டும் குறுக்குவழியா’ என்று முதலில் பார்க்கும், நிஜம் என்றால் உள்ளே இறங்கி அழிக்கும். பார்ப்பதற்கும் இறங்குவதற்கும் நடுவில் ஒரு கண் சிமிட்டும் நேரம் இருக்கிறது அல்லவா? அந்த நேரத்தில் இன்னொருவர் ஃபோல்டரை எடுத்துவிட்டு அதே பெயரில் ஒரு குறுக்குவழியை வைத்துவிட்டால், நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும் ஸ்கிரிப்ட் அந்தக் குறுக்குவழியில் போய் வேறு எதையோ அழிக்கும். மறுபடியும் அதே பெயர், பக்க எண் பிரச்சினைதான். பெயரைப் பிடித்துக்கொண்டு நடக்காமல், திறந்த ஃபோல்டரையே கையில் பிடித்துக்கொண்டு இறங்கும்படி 2012-ல் 3.3 பதிப்பில் மாற்றினார்கள். இயங்குதளம் இடம் கொடுத்தால்தான் இந்தப் பாதுகாப்பு உண்டு. உங்கள் கணினியில் உண்டா என்று கேட்டுப் பார்க்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து, 2022 ஜனவரியில், பாதுகாப்புக்குப் பேர்போன ரஸ்ட் மொழியிலும் இதே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டது.

முக்கியமான ஒன்று. ஸ்கிரிப்ட் அழிப்பது எதுவும் குப்பைத்தொட்டிக்குப் போகாது. தொட்டி என்பது திரையில் எலியால் இழுத்துப் போடுகிறவர்களுக்காக வந்த ஏற்பாடு. ரிமூவும் ஆர்.எம்.ட்ரீயும் நேராக அன்லிங்க் காலத்துக்குப் போய்விடும். அதனால் புதிதாக எழுதும் ஸ்கிரிப்ட்டில் அழிக்கும் வரி இருக்கும் இடத்தில் முதலில் பிரிண்ட் என்று போட்டு ஓட்டி, வருகிற பட்டியலை உட்கார்ந்து படித்துவிடுவது நல்லது. ஃபோல்டர் பெயர் ஒரு மாறியிலிருந்து வருகிறது என்றால் அது காலியா என்று ஒரு வரி சோதனை.

தொட்டி வேண்டும் என்றால் பைத்தானோடு வருகிற தொகுதிகளில் கிடையாது. சென்ட்2ட்ராஷ் என்று வெளியார் எழுதிய ஒன்றைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் அந்தந்தத் தொட்டியில் போடும். லினக்ஸ் தொட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே இரண்டு ஃபோல்டர்கள். ஒன்றில் நாம் போட்ட கோப்புகள் இருக்கும். இன்னொன்றில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு. அதில் இரண்டு விவரங்கள்: முன்பு எங்கே இருந்தது, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு நீக்கப்பட்டது.